ஐந்து பைக்கில் எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு வாசல் ஒரு சின்ன கார் நிற்கிற அளவுதான். அதில் ஐந்து பைக் நின்றன. அப்பாவின் 1978 புல்லட் 350, 1986 யெஸ்டி ரோட்கிங், அதே வருடத்து ராஜ்தூத் ஆர்.டி.350, 1994 யமஹா ஆர்.எக்ஸ்.100, அப்புறம் 2019-ல் ஷோரூமிலிருந்து நேராக வந்த ஹிமாலயன். கடைசியில் நிற்பதை எடுக்க முன்னால் நிற்கும் மூன்றை நகர்த்த வேண்டும். மனைவியின் ஸ்கூட்டர் எப்போதும் தெருவில்தான். போன வருடம் மகள் கார் வாங்கப் போவதாகச் சொன்னாள். "எதை வேணா வித்துக்கோங்கப்பா, எனக்கு இடம் வேணும்" என்றாள்.

ஐந்தை இரண்டாக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அதில் முதல் இரண்டு மாதம் வீண். எது என்ன விலைக்குப் போகும் என்று பார்ப்பதிலேயே கழிந்தது. விலையிலிருந்து தொடங்கினால் எந்த முடிவுக்கும் வர மாட்டீர்கள். விலை அதிகம் என்றால் இவ்வளவு மதிப்புள்ளதை ஏன் விற்க வேண்டும் என்று தோன்றும், குறைவு என்றால் இதற்காகவா விற்பது என்று தோன்றும். நான் கடைசியில் பின்பற்றிய வரிசையைச் சொல்கிறேன்.

முதல் படி: பேப்பர்

வண்டியை வைத்துக்கொள்வதோ விற்பதோ, பேப்பர் சரியில்லாவிட்டால் இரண்டுமே நடக்காது. அதனால் ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழை) எடுத்து வைத்துக்கொண்டு வண்டியின் முன்னால் உட்காருங்கள். எஞ்சின் எண், சேஸிஸ் எண் இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எண்ணைப் படித்து, செல்போனில் படம் எடுங்கள். ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்துகள் கோணலாக, ஆழம் மாறி மாறி இருந்தால் யாரோ திருப்பி அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். எஞ்சினை மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும்.

அடுத்தது, மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண் வருகிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் சிலவற்றின் விவரம் கணினியில் ஏறியே இருக்காது. அப்படியானால் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 'பி எக்ஸ்ட்ராக்ட்' கேட்டு வாங்குங்கள். கர்நாடகத்தில் பதிவேட்டு நகலுக்கு அதுதான் பெயர். யார் பெயரில் இருக்கிறது, கடன் பாக்கி இருக்கிறதா, எந்தத் தேதிவரை செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

தேதி முக்கியம். முதல் பதிவு 15 வருடம், அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பைக்குக்கு 300 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. 20 வருடம் தாண்டிய பைக்குக்கு 2025-ல் 2,000 ஆக்கிவிட்டார்கள். தாமதித்தால் மாதத்துக்கு 300 ரூபாய் தனி. 1986 வண்டி என்றால் 2001, 2006 என்று போய் 2026-ல் அடுத்த முறை. விற்கும் எண்ணம் இருந்தால் புதுப்பித்த கையோடு விற்பது நல்லது. வாங்குகிறவருக்கு முன்னால் ஐந்து வருடம் இருக்கும், பேரம் பேச ஒரு காரணம் குறையும். டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு இருந்த தடையை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. பெங்களூரில் வயதை மட்டும் வைத்து அப்படித் தடை இல்லை, வண்டி தகுதியாக இருந்தால் போதும். டெல்லியிலிருந்து யாராவது ஆசையாகப் போன் செய்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேப்பரில்தான் எனக்கு அடி விழுந்தது. ஆர்.எக்ஸ்.100-ஐ ஒன்பது வருடம் முன்பு ஒரு புரோக்கரிடம் வாங்கினேன். கையெழுத்துப் போட்ட படிவங்களைக் கொடுத்து, "எப்ப வேணா மாத்திக்கலாம் சார்" என்றார். நானும் மாற்றவில்லை. இந்த முறை தேடிப்போனால் பழைய ஓனர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் வீட்டுக்காரம்மா நல்லவர், வாரிசுப் பேப்பர்களில் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார். ஆனாலும் நான்கு மாதம். முதல் நாள் போனபோது அவர் வண்டியைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சீட்டின் ஓரத்தில் இருந்த பழைய தையலைத் தொட்டு, "இது நான் தெச்சதுப்பா" என்றார். அவர் கணவர் பெயரில் ஒன்பது வருடம் நான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. வண்டியை விற்றுவிட்டோம் என்று சொல்லித் தப்ப முடியாது.

இரண்டாம் படி: சாவிக் கொக்கியில் ஒரு நோட்டு

சாவி மாட்டும் இடத்தில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கட்டித் தொங்கவிடுங்கள். எந்த வண்டி, எங்கே போனது, எத்தனை கிலோமீட்டர். ஆறு மாதம் எழுதினால் போதும். ஒரே ஒரு விதி: பேட்டரி இறங்காமல் இருக்கச் சும்மா ஸ்டார்ட் செய்து வைத்தால் அதை 'ஸ்' என்று எழுதுங்கள், ஓட்டினால் 'ஓ'.

என் நோட்டில் ஹிமாலயனுக்கு 61 'ஓ'. ஆர்.எக்ஸ்.100-க்கு 34. யெஸ்டிக்கு 19. புல்லட்டுக்கு நான்கு. ஆர்.டி.350-க்கு ஒரே ஒரு 'ஓ', பதினோரு 'ஸ்'.

எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள், எங்கே போனது என்ற பத்தியையும் படியுங்கள். ஆர்.எக்ஸ்.100-இன் 34 சவாரியும் அல்சூர் மார்க்கெட்டுக்குக் கீரையும் மீனும் வாங்கப் போனது. அதை மனைவியின் ஸ்கூட்டரே செய்யும். அதிலும் ஆர்.எக்ஸ்.100-ஐ மார்க்கெட் வாசலில் நிறுத்திவிட்டு நிம்மதியாக மீன் வாங்க முடியாது. திருட்டுப் போகிற வண்டி என்று ஊருக்கே தெரியும். ஒரு கண் தராசில், ஒரு கண் வண்டியில். யெஸ்டியின் 19 சவாரி வேறு மாதிரி. நந்தி மலை, கோலார், ஓசூர், ஒருமுறை கிருஷ்ணகிரி வரை. எல்லாம் வேண்டும் என்று எடுத்த சவாரி.

மூன்றாம் படி: உண்மையான நிலைமை

இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் தொடாமல் கிக் அடித்துப் பாருங்கள். சூடான எஞ்சின் பொய் சொல்லும். எத்தனையாவது கிக்கில் பிடித்தது, சோக் போட வேண்டியிருந்ததா, முதல் ஒரு நிமிடம் புகை என்ன நிறம் என்று எழுதுங்கள். டேங்க் மூடியைத் திறந்து செல்போன் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் உள்ளே துரு தெரியும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி காலியாக மாதக்கணக்கில் நின்ற இரும்பு டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும், பழைய ரப்பர் குழாயும் கார்புரேட்டர் ரிங்கும் ஊறிப்போகும். அதிகம் ஓட்டாத வண்டியில் டேங்கை நிரப்பி வையுங்கள், இல்லையென்றால் சுத்தமாக வடித்துவிடுங்கள்.

டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கலாம். புல்லட் மாதிரி வண்டியில் ஆயில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வரும். ஆர்.டி., ஆர்.எக்ஸ்., யெஸ்டி மூன்றிலும் கிராங்குக்கு (பிஸ்டன் சுழற்றும் தண்டுக்கு) ஆயில் போவது பெட்ரோலோடு சேர்ந்து, வண்டி ஓடும்போதுதான். யெஸ்டியில் நாமே டேங்கில் கலந்து ஊற்றுகிறோம், மற்ற இரண்டில் பம்ப் அந்த வேலையைச் செய்கிறது. ஓடாமல் நின்றால் கிராங்க் பேரிங்கில் துரு ஏறும், கிராங்க் சீல் காய்ந்து விறைக்கும். காய்ந்த சீல் வழியாகக் காற்று உள்ளே போனால் கலவையில் பெட்ரோல் குறையும், எஞ்சின் சூடாகி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதால் இது தீராது. எஞ்சின் முழுச் சூடு ஏறாமலே அணைகிறது, உள்ளே ஈரம்தான் சேரும். சிவாஜிநகரில் என் வண்டிகளைப் பார்க்கும் பாய் என் பதினோரு 'ஸ்' கணக்கைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சார், நீங்க பேட்டரிய காப்பாத்தி எஞ்சினைக் கொன்னுட்டு இருக்கீங்க."

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் தேயாத பத்து வருட டயரை நம்பி ஓசூர் சாலையில் ஏறாதீர்கள்.

நான்காம் படி: எந்த வண்டிக்கு என்ன வேலை, உங்கள் காலுக்கு என்ன பழக்கம்

ஒவ்வொரு வண்டியும் செய்யும் வேலையை ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டு வண்டிக்கு ஒரே வரி வந்தால் ஒன்று போகலாம். எனக்கு ஆர்.டி.யும் ஆர்.எக்ஸும் அப்படித்தான் வந்தன: 'டூ ஸ்ட்ரோக் சத்தம் கேட்க'. யெஸ்டியும் அதே சத்தம்தான், ஆனால் அது கூடவே ஊருக்கும் போய் வருகிறது.

கால் பழக்கம் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு டிரினிட்டி சர்க்கிள் சொல்லிக்கொடுத்தது. பழைய புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியர் மேலே, மீதி மூன்றும் கீழே. ஒரு வாரம் முழுக்க ஹிமாலயன் ஓட்டிவிட்டு ஞாயிறு புல்லட்டை எடுத்தேன். சிக்னலில் முன்னால் போன கார் சட்டென்று நின்றது. என் வலது கால் பிரேக் என்று நினைத்து அழுத்தியது. மூன்றாவது கியர் நான்காவது ஆனது. முன் பிரேக்கும் இரண்டு காலும் சேர்ந்து நிறுத்தியபோது அந்த காரின் பம்பருக்கும் என் சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. யெஸ்டியிலும் வேறுபாடு உண்டு, இடது பக்கத்து ஒரே லீவர்தான் கிக்கரும் கியரும். ஆனால் கியரும் பிரேக்கும் ஹிமாலயன் இருக்கும் பக்கத்திலேயே இருக்கின்றன, கால் குழம்பவில்லை. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இரண்டு விதக் கால் பழக்கத்தை ஒரே ஆள் வைத்திருக்கக் கூடாது என்பது என் முடிவு. வாரம் ஒருமுறை புல்லட் ஓட்டுகிற ஆளாக இருந்தால் வேறு கதை.

கையையும் கேளுங்கள். ஆர்.டி.350-ஐ சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு இடது கை விரல்கள் டம்ளரைப் பிடிக்கவில்லை.

ஐந்தாம் படி: ஸ்பேரும் கையும்

ஸ்பேர் கிடைக்குமா என்பதோடு, அதை மாட்டத் தெரிந்த கை உங்கள் ஊரில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். யெஸ்டியைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-லேயே மூடப்பட்டது. ஆனால் அந்த வண்டிகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டும் ஆட்கள் பெங்களூரிலும் மைசூரிலும் இன்னும் இருக்கிறார்கள். ஜூலை இரண்டாவது ஞாயிறு ஜாவா-யெஸ்டி நாளன்று போய்ப் பாருங்கள், யாரிடம் என்ன ஸ்பேர் இருக்கிறது என்று ஒரே காலையில் தெரிந்துவிடும். 2018-க்குப் பிறகு வந்த புது ஜாவாவும் 2022-ல் வந்த புது யெஸ்டியும் பெயரில்தான் சொந்தம், அந்த ஷோரூமில் ரோட்கிங் பாகம் கேட்டால் உங்களை விநோதமாகப் பார்ப்பார்கள்.

ஆர்.எக்ஸ்.100-க்கு ஜே.சி. ரோட்டில் எதைக் கேட்டாலும் கிடைக்கும், எது ஒரிஜினல் என்பதுதான் கேள்வி. ஆர்.டி.350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி இங்கே தயாரித்த காலமே குறுகியது, 1983-ல் தொடங்கிப் பத்து வருடம்கூட ஓடவில்லை. ஸ்பேரும் அதற்கேற்ற அளவுதான். பிஸ்டனுக்காக நான் மூன்று மாதம் காத்திருந்திருக்கிறேன்.

ஆறாம் படி: வருடச் செலவு

இது சின்ன வேலை. 2022-ல் அறிவித்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீடு 75 முதல் 150 சி.சி. வரை 714 ரூபாய், 350 வரை 1,366, அதற்கு மேல் 2,804. ஆர்.எக்ஸுக்கு 714, யெஸ்டி, ஆர்.டி., புல்லட் மூன்றுக்கும் தலா 1,366. ஹிமாலயன் 411 சி.சி. என்பதால் 2,804. மொத்தம் 7,616, ஜி.எஸ்.டி. சேர்த்தால் கிட்டத்தட்ட 9,000. வண்டி வாசலைத் தாண்டாவிட்டாலும் இது போகும். இதோடு புகைச் சான்றிதழ், பேட்டரி, ரப்பர். நகராத வண்டிக்கு நான் வருடத்துக்கு எவ்வளவு கட்டுகிறேன் என்று மனைவி கேட்டபோது சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம், ஆனால் எழுதி வையுங்கள்.

ஏழாம் படி: வைப்பதை முதலில் எடுங்கள்

எதை விற்கலாம் என்று கேட்டால் ஒவ்வொரு வண்டிக்கும் வக்கீல் வைத்து வாதாடுவோம். திருப்பிக் கேளுங்கள்: வாசல் முழுக்கக் காலி, ஒரே ஒரு வண்டி வரலாம், எது? அதை ஒரு தாளில் எழுதுங்கள். எனக்கு ஹிமாலயன். அதில் காதல் ஒன்றும் இல்லை, மழையில் பயமில்லாமல் எடுக்கலாம், அவ்வளவுதான். அடுத்து, அது செய்யாத வேலை எது, அதை எந்த வண்டி செய்யும்? யெஸ்டி. மூன்றாவதாக ஒன்றை எழுதப் பேனாவை எடுத்தேன், இரண்டு இருக்கும்போது எதற்கு என்று எனக்கே பதில் தெரியவில்லை.

சந்தேகம் இருந்தால் அந்த வண்டியை ஒரு மாதம் கண்ணில் படாமல் வையுங்கள். ஆர்.டி.யை கம்மனஹள்ளியில் நண்பர் ஷெட்டில் விட்டேன். மழை பெய்த இரண்டு இரவு, தார்ப்பாய் போட்டோமா என்று திடுக்கிட்டு எழுந்தேன். மற்றபடி நினைவே வரவில்லை. எனக்கு அந்த வண்டி மேல் இருந்தது ஆசை இல்லை, கவலை.

அப்பாவின் வண்டி

இது தனி. எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். புல்லட்டின் டூல் பாக்ஸ் மூடிக்குள் அப்பா ஆணியால் கீறிய தேதிகள் இருக்கின்றன, ஒவ்வொரு ஆயில் மாற்றமும். கடைசித் தேதி 2011. விற்க மனம் வரவில்லை, ஓட்டவும் கால் வரவில்லை. மூன்றாவது வழி ஒன்று உண்டு, குடும்பத்தில் ஓட்டுகிற ஆளுக்குக் கொடுப்பது. ஓசூரில் இருக்கும் தம்பி மகனைக் கூப்பிட்டேன்.

"பெரியப்பா, வலது கால் கியர் எனக்கு வராது."

"வரும்டா. உனக்கு ஹிமாலயன் இல்லையே, குழம்ப மாட்ட."

ஸ்டார்ட் செய்யக் கற்றுக்கொடுத்தேன்: ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை டீகம்ப்ரஷன் லீவரை (எஞ்சின் அழுத்தத்தை விடுவிப்பது) பிடித்துக் கிக்கரை மெதுவாக இறக்குவது, விட்டபிறகு ஒரே அடி. மூன்றாவது ஞாயிறு அவனுக்கு வந்துவிட்டது.

இங்கேயும் பேப்பர் உண்டு. உரிமையாளர் இறந்தால் 30 நாளில் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். நாங்கள் தாமதம்தான், அபராதம் கட்டினோம். என் பெயருக்கு மாற்றத் தம்பியின் சம்மதக் கையெழுத்தும் தேவைப்பட்டது. பிறகு தமிழ்நாட்டுக்குப் போக படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, அங்கே வரி. 2028-ல் அதற்கு 50 வயது. 2021 விதிகளின்படி வின்டேஜ் பதிவு எடுக்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் வின்டேஜ் பதிவு வண்டியைத் தினசரி ஓட்ட அனுமதி இல்லை, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். ஓட்டுகிறவனுக்கு அது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எட்டாம் படி: விற்பது

இப்போது விலை. விளம்பரத்தில் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், அது ஆசை. போன ஆறு மாதத்தில் விற்ற மூன்று பேரைப் பிடித்து, கைக்கு வந்தது எவ்வளவு என்று கேளுங்கள். விற்பதற்காகப் புது பெயின்ட் அடிக்காதீர்கள். மங்கிய ஒரிஜினல் பெயின்டுக்குத்தான் விவரம் தெரிந்தவர் பணம் கொடுப்பார், புது பெயின்டைப் பார்த்தால் உள்ளே எதை மறைத்தார்கள் என்று தேடுவார். கார்புரேட்டர் சுத்தம், நல்ல பேட்டரி, நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், பாக்கி இல்லாத அபராதம், இவ்வளவு போதும். பெங்களூரில் போக்குவரத்து அபராதப் பாக்கிக்கு அரசு எப்போதாவது பாதித் தள்ளுபடி அறிவிக்கும், 2023 பிப்ரவரியில் கொடுத்தார்கள். அதற்காகக் காத்திருந்து விற்பனையைத் தள்ளாதீர்கள்.

குறைகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆர்.டி. வாங்க வந்தவர் முதலில் கேட்டது ஹை டார்க்கா லோ டார்க்கா என்று. முதல் வகை 30.5 குதிரைத்திறன், இரண்டாவது 27. என்னுடையது லோ டார்க், பதினோரு 'ஸ்' வரலாறும் உண்டு, கிராங்க் சீல் மாற்ற வேண்டியிருக்கும் என்றேன். அவர் விலையில் கொஞ்சம் குறைத்தார், ஆனால் அதே நாள் முடித்தார். முந்தின வாரம் வந்தவரிடம் குறையைச் சொல்லாமல் நல்லதை மட்டும் பேசியே மூன்று மணி நேரம் போனது.

பிரிய மனம் வராததை முதலில் விற்றுவிடுங்கள். சுலபமானதில் தொடங்கினால் வாசலில் கொஞ்சம் இடம் வரும், கையில் கொஞ்சம் பணம் வரும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது அவர் வந்த வண்டியின் சாவியும் அடையாள அட்டையும் உங்கள் கையில் இருக்கட்டும். பணம் வங்கி வழியாக. படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. தேதியில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள், ஒன்பது வருடம் கழித்து யாரோ ஒருவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில், வெளிமாநிலம் என்றால் 45 நாளில் விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒப்படைத்த தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அன்று மாலையே அவர் சிக்னல் தாண்டினால் அந்த நேரம்தான் உங்களைக் காப்பாற்றும். முடிந்தால் வாங்குகிறவரோடு நீங்களும் ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள். ஆர்.எக்ஸுக்கு நான் போனேன், அரை நாள் லீவு.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை பரிவாஹனில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே பாதிதான் தெரியும். முதல் எழுத்து மாறியிருந்தால் போதும். ஆர்.எக்ஸுக்கு ஐந்தாவது வாரம் மாறியது, அதுவரை அந்த ஃபைலை ஃபிரிட்ஜ் மேலேயே வைத்திருந்தேன்.